பேசாத சனிக்கிழமை கிடையாது

பென்டில் ஹில், சிட்னி
8 ஜூன் 2025

பேரன்புக்கும் பெருஞ்சிரிப்புக்கும் உரிய ஹரிப்பிரியா,

இதனால் சகலருக்கும் அறியத் தருவது: எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் இரண்டாம் தட்டில், தயிர்ச் சட்டிக்குப் பின்னால், வெள்ளிக்கிழமை முதல் பதுங்கியிருந்த கடைசி மிதிவெடி இன்று பிற்பகல் 4.20 மணியளவில் எவ்வித உயிர்ச்சேதமும் இன்றி அகற்றப்பட்டது. அகற்றும் பணியில் தனியொருவனாக ஈடுபட்டவன் நான். தக்காளிச் சோஸினால் சட்டைக்கு மட்டும் சிறு காயம்.

பயப்படாதே. ஏழாம் வகுப்பில் என் சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்து "இது என்னது?" என்று நீ கேட்க, "மிதிவெடி" என்று நான் சொல்ல, நீ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாயே, அதே முட்டை வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்தான். எங்கள் ஆட்கள் பெயர் வைக்கிற அழகு அப்படி.

ஏன் கடிதம் என்று கேட்பாய். பரீட்சை முடியும்வரை அம்மா என் போனை குசினியில் அரிசி வாளிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. மின்னஞ்சலையும் அவவே திறந்து பார்க்கிறா. ஆனால் தமிழ்ப் பரீட்சையில் கடிதம் எழுதச் சொல்லிக் கேள்வி வரும் என்று கேள்விப்பட்டதும், "கையால எழுது, முத்திரை நான் வாங்கித் தாறன்" என்று சொல்லிவிட்டா. நீ விக்டோரியாவில் எழுதப் போவதும் தமிழ்ப் பரீட்சைதானே. ஆகவே இது நட்பு அல்ல, பயிற்சி.

இனி உண்மையான செய்தி. பத்தாம் வகுப்பு முடிந்து உங்கள் அப்பாவுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்து நீ போக முதல், ஒரே பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்போம் என்று ஸ்டேஷனில் வைத்துச் சொன்னோமே. அந்தப் பல்கலைக்கழகம் இந்த வருடம் முன்கூட்டியே சிலருக்கு இடம் கொடுக்கிறதாம். புள்ளி மட்டும் பார்க்க மாட்டார்களாம். படிவத்தில் பத்துப் பெட்டி. பாடத்துக்கு வெளியே என்ன செய்தாய், என்ன கௌரவம் பெற்றாய் என்று ஒவ்வொரு பெட்டியிலும் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி, அவருடைய தொலைபேசி இலக்கத்தோடு.

எனக்கு இப்போதே ஒன்பது நிரம்பிவிட்டது! விவாத அணித் தலைவர். சதுரங்கக் கழகத்தின் தலைவர். தமிழ்ப் பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு. பியானோ, மிருதங்கம். சுற்றாடல் பாதுகாப்பு. மிச்சத்தை எழுதினால் உனக்குப் பொறாமை வரும்.

எனக்கு வருவது நித்திரை. திங்கள் பியானோ, செவ்வாய் விவாதம், புதன் நூலகம் என்று ஞாயிறு மிருதங்கம் வரைக்கும் போகிறது. இரவுச் சாப்பாடு காரில்தான். அப்பா ஓட்டிக்கொண்டே கொட்டாவி விடுவார், பின்னால் இருந்து நான் விடுவேன். குடும்பமாக நாங்கள் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் அது. அதற்குப் பெட்டி இல்லை.

உனக்கு எத்தனை பெட்டி?

பட்டம் பல பெற்றும் காற்றில்லாமல் தரையில் கிடக்கும்,
சுபாங்கன்


டார்னெய்ட், மெல்பர்ன்
22 ஜூன் 2025

டேய் சுபா,

உன் கடிதத்தை அப்பாதான் எடுத்து வந்தார். "லெட்டரா? பேங்க்காரனைத் தவிர யாரும்மா லெட்டர் போடுறாங்க?" என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும், "ஓ, அந்த வாலா?" என்று கொடுத்துவிட்டார்.

சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது. மிதிவெடிக்கு நன்றி.

பிப்ரவரியிலிருந்து அம்மாவுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரத்துக்கு மேல். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. அதனால் நான்தான் கூடப் போகிறேன். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரைத் தருகிறேன் என்றுதான் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. "வேத்து ஆளு முன்னாடி என் உடம்பைப் பத்திச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்குடி, நீயே சொல்லு" என்கிறார்.

சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. "நெஞ்சு படபடங்குது, ஆனா பயமில்ல" என்பார். படபடப்பைச் சொல்லிவிடலாம். பயமில்லை என்பது டாக்டருக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா? இரண்டையும் சொல்லிவிடுவேன். டாக்டர் திரும்ப ஏதாவது கேட்பார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், பதில் அங்கேதான் எழுதியிருக்கிற மாதிரி.

எனக்கு எத்தனை பெட்டி என்று கேட்டாயே. பூஜ்யம். எங்கள் ஸ்கூலில் விவாதக் குழு செவ்வாய்க்கிழமை. நாடகம் வியாழன். தமிழ்ப் பள்ளி சனி. எல்லாக் கௌரவங்களையும் அந்த மூன்று நாளில்தான் கொடுக்கிறார்கள் போல. எங்கள் மிஸ் கூப்பிட்டு, "தலைமைப் பொறுப்பு ஏதாவது?" என்று கேட்டார். "வீட்டுல சமைக்கிறேன் மிஸ்" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

நீ போ. நான் மார்க்கை வைத்து முயற்சி பண்ணுகிறேன். அதுவும் இந்த வருஷம் எப்படி வரும் என்று தெரியவில்லை, புத்தகத்தைத் திறந்தாலே கண் சொருகுகிறது.

அன்புடன்,
ஹரி


பென்டில் ஹில்
1 ஜூலை 2025

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மண்டைக்காரிக்கு,

உனக்கு விசரா? வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணித்தியாலம், ஒரு மொழியில் கேட்டு இன்னொரு மொழியில் சொல்கிறாய். அதுவும் ஒரு உயிர் நம்பியிருக்கிற மொழிபெயர்ப்பு. சட்டம் படிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? அதைப் போய் "பூஜ்யம்" என்று எழுதியிருக்கிறாய். கணக்கிலும் நீ பிழை விடுவாய் என்று இன்றுதான் தெரிந்தது.

அதை எழுது. சாட்சிக்கு அங்கேயுள்ள நர்சைக் கேள். ஒரு பெட்டிதான் நிரம்பும், ஆனால் உள்ளே கனம் இருக்கிற பெட்டி. என்னுடையவை சில தட்டினால் டொங் என்னும்.

அம்மாவுக்கு நான் சுகம் கேட்டதாகச் சொல். என் அம்மாவும் கேட்டவ. மீனாம்பாள் அன்ரிக்குக் கோவிலில் அர்ச்சனை செய்யப் போகிறாவாம்.

இப்போது ஒரு உதவி. என்னுடைய பத்தாவது பெட்டிக்குத் தமிழ்ப் பாடசாலை அதிபர் இரத்தினசிங்கம் மாஸ்டரிடம் நற்சான்றுக் கடிதம் கேட்டேன். உடனே கதிரையை இழுத்துப் போட்டு எழுதித் தந்தார், ஆனால் தமிழில். "தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கடிதத்தை இங்கிலீசில எழுத எனக்கென்ன பைத்தியமோ?" என்றார். இங்கிலீசு மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்பலாமாம். குடும்பத்தைச் சேராத ஒருவர் செய்து, பெயர் எழுதிக் கையொப்பம் வைத்தால் போதும். நீ என் குடும்பம் இல்லை. அது உன் அதிர்ஷ்டம்.

கடிதத்தின் பிரதி உள்ளே. ஒரு பக்கம்தான். உனக்கு ஒரு டயாலிசிஸ் நேரம்கூடத் தேவைப்படாது.

சட்டம் படிக்காவிட்டால் சட்டி கழுவ வேண்டும் என்று தினமும் கேட்டு வளர்ந்த,
சுபாங்கன்


டார்னெய்ட்
12 ஜூலை 2025, சனிக்கிழமை

சுபா,

ஆஸ்பத்திரியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா தூங்குகிறார், மெஷின் மட்டும் கிர்ரென்று ஓடுகிறது.

நீ சொன்னபடி செய்தேன்! நர்சிடம் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நீ இதுவரைக்கும் கேட்காததுதான் ஆச்சரியம்" என்று அங்கேயே பெயர், நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்தார். என் படிவத்தில் ஒன்பது பெட்டி காலி. முதல் பெட்டியில் மட்டும் நான் மொழிபெயர்ப்பாளர். அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவிடம் சொன்னதும், "என் சீக்கு உனக்கு மார்க் வாங்கித் தருதாடி?" என்று சிரித்தார்.

உன் மாஸ்டர் கடிதத்தை முடித்துவிட்டேன், கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். நீ இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாமல் போச்சே! "சுபாங்கனை நான் பேசாத சனிக்கிழமை கிடையாது. மற்ற ஆசிரியர்களும் அவனைப் பேசிக் களைத்துவிட்டார்கள். சென்ற ஆண்டு விழாவில் சபைக்கு முன்னாலேயே பேச வேண்டி வந்தது." ஒருத்தனைப் பற்றி இப்படியா புகழ்வார்கள்? பொறாமையாக இருக்கிறது, நிஜமாகவே.

ஒரே ஒரு சந்தேகம். நாங்கள் "அவனைப் பற்றிப் பேசாத" என்றுதான் எழுதுவோம். மாஸ்டர் எல்லா இடத்திலும் "அவனைப் பேசாத" என்றே எழுதியிருக்கிறார். உங்கள் வழக்கில் "பற்றி"யை விட்டுவிடுவீர்களா? அப்படி எடுத்துக்கொண்டுதான் மொழிபெயர்த்திருக்கிறேன். சரியா என்று ஒரு வார்த்தை சொல். என் பெயர் போட்டு அனுப்புகிறேன், தப்பாக இருக்கக்கூடாது. நீ சரி என்று பார்த்த பிறகு படிவத்தோடு சேர்த்து அனுப்பு.

ஹரி


பென்டில் ஹில்
19 ஜூலை 2025

ஹரி,

ஓம்.

இது மந்திரம் அல்ல, பதில். ஓம், ஓம், ஓம். மாஸ்டர் சிக்கனக்காரர், கிடைத்த இடத்தில் ஒரு "பற்றி"யை மிச்சம் பிடித்துவிடுவார். உன் மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்ல வார்த்தை இல்லை. இருந்தாலும் மாஸ்டரைப் போல மிச்சம் பிடிக்கிறேன்.

நேற்று எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். பத்துப் பெட்டியும் நிறைவு. அம்மா பென்டில் ஹில் முழுக்கத் தொலைபேசி எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறா. "தலைமைத்துவம் இருக்காம் எங்கட பிள்ளைக்கு" என்று. எனக்கு இருப்பது தலைவலித்துவம்.

அடுத்த மாசி மாதம் ஒரே வகுப்பில் சந்திப்போம், சக சட்டத்தரணியே.

பத்துக்குப் பத்து,
சுபாங்கன்


டார்னெய்ட்
14 செப்டம்பர் 2025

சுபா,

உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உன் வாய்ப்பை நான் கெடுத்துவிட்டேன்.

புதன்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. இரத்தினசிங்கம் மாஸ்டரைப் போனில் கூப்பிட்டு விசாரித்தார்களாம். உன்னை ஒவ்வொரு சனிக்கிழமையும் திட்டியதாக அவர் சொன்னாராம். விழாவில் எல்லார் முன்னாடியும் திட்ட வேண்டி வந்ததாம். கடிதத்தில் எழுதியதும் அதைத்தானாம். நான் அதைப் புகழ்ச்சியாக மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் ஊரில் "பேசினார்" என்றால் திட்டினார் என்று அர்த்தமாமே. இத்தனை வருஷம் உன்னோடு பழகியும் எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. நான் கேட்டபோது நீயும் பரீட்சை அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருப்பாய். உன்மேல் தப்பில்லை. கையெழுத்து என்னுடையது.

என் விண்ணப்பத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு ஒன்றைத்தானே காட்டியிருந்தேன். இருபத்தாறாம் தேதிக்குள் விளக்கம் எழுத வேண்டுமாம்.

அதைவிட வேறு ஒன்று. போன வியாழக்கிழமை டயாலிசிஸ் நடுவில் அம்மா, "மயக்கமா வருதுடி" என்றார். நர்ஸ் என்னைப் பார்த்தார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மயக்கம் என்றால் தலை சுற்றுகிறதா, நினைவு போகிறதா? நூறு தடவை சொன்ன வார்த்தை. அன்றைக்கு எதுவுமே சரியென்று தோன்றவில்லை. போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன். அம்மா, "ஏன்டி, உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவரால் தலையைத் தூக்க முடியவில்லை, ஆனாலும் என்னைத்தான் கேட்டார். இப்போது பரவாயில்லை.

இரவெல்லாம் பிப்ரவரியிலிருந்து நான் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். எதை எதை மாற்றிச் சொன்னேனோ.

விளக்கம் எழுதப் போவதில்லை. விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எழுத ஒன்றும் இல்லை, தெம்பும் இல்லை. மன்னித்துவிடு.

ஹரிப்பிரியா


பென்டில் ஹில்
18 செப்டம்பர் 2025

ஹரி,

நீ பிழை விடவில்லை. முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

பேசுவது என்றால் எங்களுக்கு ஏசுவது. சாதாரணமாகச் சொல்வதைக் கதைப்பது என்போம். நடக்கப் பழகும்போதே எனக்குத் தெரிந்த சொல் அது. அம்மா பேசாத காலையும் அப்பா பேசாத மாலையும் இந்த வீட்டில் கிடையாது. மாஸ்டரின் கடிதத்தை வாசித்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. நல்லதாக எழுதுவார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் உள்ளதை எழுதினார். கெட்டிக்காரன் என்றும் எழுதியிருக்கிறார், ஒரு வரி.

மொழிபெயர்க்க இங்கே ஆள் இல்லாமல் உனக்கு அனுப்பவில்லை. பக்கத்து வீட்டில் கீர்த்தனன் அண்ணா இருக்கிறார். அவர் எங்கள் ஆள், பார்த்த உடனே பிடித்துவிடுவார். உனக்கு அது புகழாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னிடம் வந்தேன். பெரிய பகிடி என்று நினைத்தேன். அதிபர் ஏசியதை வைத்தே சட்டம் படிக்கப் போனவன் என்று பிறகு உனக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று.

ஆனால் நீ கேட்டாய். சரியாக அந்த இடத்தில், அந்தச் சொல்லில் விரலை வைத்துக் கேட்டாய். நான் ஓம் என்றேன். அது பகிடி இல்லை, பொய்.

இன்னொன்றும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் உனக்கு வர முதலே, எட்டாம் திகதியே எனக்கு வந்துவிட்டது. அம்மா பார்க்க முதல் அழித்தேன். பிரச்சினை என்னோடு முடிந்துவிடும், உன் பெயர் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பத்து நாள் வாய் திறக்காமல் இருந்தேன். நீ வியாழக்கிழமை அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றபோது நான் சதுரங்கம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

தனியாக. ஏனென்றால் அந்தக் கழகத்தில் ஆள் இல்லை. கூட இருந்த ஒரே ஆள் பிரதீப்குமார் போன வருடம் விலகிய பிறகு தலைவரும் நானே, அங்கத்தவரும் நானே. விவாத அணிக்கு ஒரே ஒரு நாள் தலைவராக இருந்தேன், உண்மையான தலைவிக்குக் காய்ச்சல். மற்ற நாளெல்லாம் நேரம் பார்த்து மணி அடிக்கிறவன் நான். பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு உண்மைதான், மூன்று பேர்தான் போட்டியிட்டோம். சுற்றாடல் பாதுகாப்பு என்பது ஒரு மரக்கன்று. அது பட்டுப்போய்விட்டது. பத்துப் பெட்டியில் வைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, ஹரி. உன்னிடம் ஒன்று இருந்தது, அதையும் நான் உடைத்துவிட்டேன்.

நேற்றே பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். நீ சந்தேகம் கேட்ட ஜூலைக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன், நீ கேட்ட பத்தியை அடியில் கோடிட்டு. என் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துவிட்டேன். ஆனால் என் வார்த்தையை அவர்கள் நம்ப வேண்டுமே. நான் "ஓம்" என்று எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும். அதை நீ அனுப்ப வேண்டும். அதுதான் உனக்குச் சாட்சி. இருபத்தாறாம் திகதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, விண்ணப்பத்தை எடுத்துவிடாதே. நீ ஏற்கெனவே எடுத்திருந்தால், மூடவில்லை, திரும்பத் திறக்கலாம் என்று அங்கே தொலைபேசியில் சொன்னார்கள். கேட்டுப் பார்த்தேன்.

மாஸ்டரின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் பேசுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் பேசவில்லை. "அந்தப் பிள்ளையின்ர தாய்க்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார். வருத்தம் என்றால் எங்களுக்கு நோய். பிறகு உனக்காக இங்கிலீசிலேயே ஒரு கடிதம் எழுதித் தந்தார். பொருள் எப்படி மாறுகிறது என்று ஒரு பக்கம். உள்ளே வைத்திருக்கிறேன்.

அம்மாவிடமும் சொன்னேன். அரிசி வாளியைத் திறந்து போனை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, "இனி என்னத்துக்கு" என்றா. அதன் பிறகு உன் இலக்கத்தை மூன்று தரம் எடுத்து, மணி அடிக்க முதலே வைத்துவிட்டேன். அதனால்தான் திரும்பவும் தாளில்.

அன்ரிக்கு நீ சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்திக் கேட்கிறவள் நீ. என்னிடமும் கேட்டாய், அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் கேட்டாய். பிழையாகச் சொன்னவன் நான் ஒருவன்தான். தயவு செய்து அவவுக்குப் பக்கத்திலேயே இரு.

இதை எழுதி முடிக்க ஆறு தாள் எடுத்தேன். முதல் ஐந்திலும் பகிடி விட்டிருந்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன்.

சுபாங்கன்